பதினைந்து நிமிடப் பியானோ

தொலைக்காட்சியின் தொடக்கக் கால இசை நிகழ்ச்சிகளைப் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கை இந்த வாரம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளமானது; அந்த வரலாறு அவ்வளவு இடத்தைக் கேட்கிறது.

கேள்வி: ஐயா, என் மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள், ஞாயிறுதோறும் எங்கள் சபையின் பாடகர் குழுவுக்கும் வாசிக்கிறாள். அண்மையில் அவள் கைப்பேசியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் காட்சியைக் காட்டினாள். ஒரு பெண் இரண்டு பியானோக்களுக்கு நடுவே உட்கார்ந்து இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்கிறார். அவர் பெயர் ஹேசல் ஸ்காட் என்றும், தொலைக்காட்சி தோன்றிய காலத்தில் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி நடத்தினார் என்றும், அது மூன்றே மாதத்தில் நின்றுபோயிற்று என்றும் அதன் கீழே எழுதியிருந்தது. ஏன் நின்றது? அந்த நிகழ்ச்சியை எங்கே பார்க்கலாம் என்று மகள் கேட்கிறாள்.
– வாசகி, வடசேரி, நாகர்கோவில்

பதில்: அம்மா, மகள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த நிகழ்ச்சியை இன்று எங்கும் பார்க்க முடியாது. ஒரு நாள் ஒளிபரப்புகூடப் பதிவாக எஞ்சியதாகத் தெரியவில்லை. மகள் கைப்பேசியில் பார்த்தது 1943-இல் வெளிவந்த ஒரு ஹாலிவுட் படத்தின் காட்சி. ஒரு பியானோ வெள்ளை, மற்றது கறுப்பு. அந்தக் காட்சியை மறுபடி பார்க்கும்போது ஹேசல் ஸ்காட்டின் சிரித்த முகத்தை விட்டுவிட்டு இடக்கையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். தாளத்தைச் சுமப்பது அந்தக் கைதான். அது பிசகாமல் நடப்பதால்தான் வலக்கை இஷ்டம்போல் விளையாட முடிகிறது. கீபோர்டு கற்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது.

அவர் 1920 ஜூன் 11 அன்று டிரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயின் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் தாயாருடன் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். தாயாரும் இசைக் கலைஞர். எட்டு வயதில் புகழ்பெற்ற ஜூலியார்ட் இசைப் பள்ளியில் அவரை வாசித்துக் காட்ட அழைத்துச் சென்றபோது, ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினோவ் எழுதிய ஒரு கடினமான உருப்படியை அவர் எடுத்துக்கொண்டாராம். அதில் ஆக்டேவ், அதாவது கீழ் ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் போல ஒரே சுரத்தை இரண்டு நிலைகளில் சேர்த்து அழுத்தும் முறை, வரும் இடங்களில் பிஞ்சு விரல்கள் எட்டவில்லை. உடனே அந்தக் குழந்தை, காதுக்குப் பொருந்தும்படி கைக்கு எட்டிய வேறு சுரங்களைத் தானாகவே சேர்த்து வாசித்துக்கொண்டே போயிற்று. 16 வயது நிரம்பியவர்களையே சேர்க்கும் அந்தப் பள்ளியின் பேராசிரியர் ஒருவர் அதைக் கேட்டுவிட்டு அவரைத் தம் தனி மாணவியாக ஏற்றுக்கொண்டார் என்று அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

எட்டு வயதில் தேவைக்காகச் செய்ததே பிற்காலத்தில் அவருடைய பாணியாயிற்று. பாக், லிஸ்ட், ஷோபான் போன்ற மேலை நாட்டு மேதைகளின் உருப்படிகளை ஏட்டில் உள்ளபடி தொடங்கி, சிறிது தூரம் மரியாதையாக நடத்திச் சென்று, பிறகு மெல்ல ஜாஸ் தாளத்துக்குத் திருப்பிவிடுவார். நம் கச்சேரிகளில் கீர்த்தனையின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொல்லும் தாளமும் மாறாமல் மெட்டை மட்டும் பலவாறாக விரித்து நிரவல் செய்வதைக் கேட்டுப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தாளமே மாறிவிடும் என்பது மட்டும் வேறுபாடு. 1939 முதல் நியூயார்க்கில் கஃபே சொசைட்டி என்ற இசை விடுதியில் அவர் இப்படி வாசித்துப் பெரும்புகழ் பெற்றார். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் சமமாக உட்கார்ந்து கேட்ட இடம் அது. அந்நாளில் அது மிக அரிது.

திரைப்படத்துக்கு வந்தபோதும் அவர் வளைந்துகொடுக்கவில்லை. கறுப்பின நடிகையருக்கு வேலைக்காரி வேடத்துக்கு மேல் கிடைக்காத காலத்தில், அந்த வேடத்தை ஏற்க மாட்டேன், ஹேசல் ஸ்காட்டாகவே தோன்றுவேன் என்று நிபந்தனை விதித்தார். மகள் பார்த்த இரட்டைப் பியானோக் காட்சி இடம்பெற்ற அதே படத்தில், போருக்குப் புறப்படும் தங்கள் ஆடவரை வழியனுப்பும் கறுப்பினப் பெண்களுக்கு வேலைக்காரிகள் உடைக்கு மேல் கட்டும் அழுக்கு ஏப்ரன்களை அணிவிக்க ஏற்பாடு நடந்தது. கணவனையோ காதலனையோ போர்முனைக்கு அனுப்பும் பெண் அழுக்குத் துணியிலா வந்து நிற்பாள் என்று கேட்டு, மூன்று நாள் அவர் படப்பிடிப்புக்கே வரவில்லை. ஏப்ரன்கள் நீக்கப்பட்டன. ஆனால் ஹாலிவுட்டில் அவருக்கு இருந்த வாய்ப்புகள் அதன் பிறகு வற்றிப்போயின.

இப்போது அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வருகிறேன். 1950-இல் அமெரிக்க வீடுகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 வீடுகளில்தான் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. மாலை வேளையில் செய்திக்கு முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளைப் பதினைந்து நிமிட இசை நிகழ்ச்சிகளைக் கொண்டு நிரப்பும் வழக்கம் வானொலியிலிருந்து வந்திருந்தது. ஒரு பாடகர், ஒரு பியானோ, ஓர் அரங்கு இருந்தால் போதும், செலவு குறைவு. பெரிய நிறுவனங்களோடு போட்டியிடப் பணம் இல்லாத டூமான்ட் என்ற வலையமைப்பு, பிறர் தயங்கிய கலைஞர்களுக்கும் இடம் தந்தது. அப்படித்தான் 1950 ஜூலை 3 அன்று ஹேசல் ஸ்காட்டின் நிகழ்ச்சி தொடங்கியது. அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்பில் தன் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்திய முதல் கறுப்பினப் பெண் என்று வரலாறு எழுதுவோர் அவரைக் குறிப்பிடுகின்றனர்.

நிகழ்ச்சி எப்படி இருந்தது என்பதை அன்று பார்த்தவர்கள் எழுதி வைத்ததைக் கொண்டுதான் அறிய முடிகிறது. முதலில் கேமரா நகரத்து உயர்ந்த கட்டடங்களின் மேல் நகரும்; பிறகு மாடியை ஒட்டிய ஓர் அறையைப் போன்ற அரங்கு தெரியும்; அங்கே பியானோவின் முன் ஹேசல் ஸ்காட் அமர்ந்திருப்பார். பாடுவார், வாசிப்பார், பல மொழிப் பாடல்களையும் ஜாஸையும் கலந்து தருவார். பின்னாளில் ஜாஸ் உலகின் தூண்களான சார்லஸ் மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் முறையே பாஸும் டிரம்மும் வாசித்து உடன் நின்றிருக்கிறார்கள். நகைச்சுவைத் துணுக்கோ வேடமோ கிடையாது. ஒரு கறுப்பினப் பெண் நல்ல உடை உடுத்தி, தன் வீட்டு அறையில் விருந்தினரை வரவேற்பதைப் போலக் கம்பீரமாக உட்கார்ந்து பார்வையாளரிடம் பேசினாள் என்பதே அந்த ஆண்டில் ஒரு புதுமை.

அது ஏன் நின்றது? நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, 1950 ஜூன் 22 அன்று, ‘ரெட் சேனல்ஸ்’ என்ற சிறு நூல் வெளிவந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணிபுரிந்த 151 பேரைக் கம்யூனிஸ்டு அனுதாபிகள் என்று சுட்டிக்காட்டிய பட்டியல் அது. எவர் எந்தக் கூட்டத்துக்குப் போனார், எந்த விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார் என்பவையே சான்றுகள். லெனார்ட் பெர்ன்ஸ்டைன், ஆர்சன் வெல்ஸ், பீட் சீகர் ஆகியோரோடு ஹேசல் ஸ்காட்டின் பெயரும் அதில் இருந்தது. மூன்றாம் நாள் கொரியப் போர் மூண்டது. அதன் பிறகு அந்தப் பட்டியல் விளம்பர நிறுவனங்களின் மேசைகளில் சட்டப் புத்தகத்தைப் போல இடம்பிடித்துவிட்டது. பட்டியலில் உள்ளவரைக் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொல்ல வேண்டியதில்லை. விளம்பரம் தருபவர் முகம் சுளித்தாலே போதும்.

பலர் வாய் திறக்காமல் ஒதுங்கிக்கொண்டனர். ஹேசல் ஸ்காட், யாரும் கட்டாயப்படுத்தாமல் தாமே கேட்டுக்கொண்டு, இத்தகைய குற்றச்சாட்டுகளை விசாரித்துவந்த நாடாளுமன்றக் குழுவின் முன் 1950 செப்டம்பர் 22 அன்று போய் நின்றார். தாம் கம்யூனிஸ்டுக் கட்சி உறுப்பினர் அல்லர் என்றும், தேர்தல் ஒன்றில் கம்யூனிஸ்டு வேட்பாளர் ஒருவரை ஆதரித்தது உண்மை என்றும் ஒளிக்காமல் சொன்னார். அதோடு நிற்காமல், சிறுமதி படைத்தவர்கள் கிளப்பும் அவதூறுக்குக் கலைஞர்களைப் பலியிட்டுவிடக் கூடாது என்றும் அந்தக் குழுவிடமே எடுத்துரைத்தார். ஒரு வாரம் கழிந்தது. செப்டம்பர் 29 அன்று ஒளிபரப்பானதே கடைசி நிகழ்ச்சி.

பார்ப்பவர் இல்லாமல் நின்ற நிகழ்ச்சிகளின் வரிசையில் இதைச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. நல்ல வரவேற்புப் பெற்றிருந்த நிகழ்ச்சி இது. உண்மையைப் பேசப் போன ஒரு வாரத்தில் நின்றது.

பின்னர் அவர் ஐரோப்பாவுக்குச் சென்று பல ஆண்டுகள் பாரிஸில் வாழ்ந்தார். 1960-களின் பிற்பகுதியில் நாடு திரும்பி, 1981 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கில் காலமானார். மகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. மிங்கஸும் ரோச்சும் உடன் வாசிக்க 1955-இல் அவர் பதிவுசெய்த இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. தொலைக்காட்சியில் அவர் எப்படி வாசித்திருப்பார் என்பதை ஊகிக்க அதைவிட நெருங்கிய சான்று இல்லை. 2019-ஆம் ஆண்டு கிராமி விருது விழாவில் பாடகி அலிசியா கீஸ் இரண்டு பியானோக்களை ஒருசேர வாசித்தது ஹேசல் ஸ்காட்டின் நினைவாகத்தான். மேடையிலேயே ஹேசல் ஸ்காட்டின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கீஸ் வாசித்தார்.

கேள்வி: பழைய தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பல பதிவே இல்லாமல் அழிந்துவிட்டன என்று படிக்கிறேன். திரைப்படச் சுருள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டதே. சுருளில் எடுத்து வைத்திருக்கக் கூடாதா? ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் என்பதால் தொழில்நுட்பத்தையும் சேர்த்துச் சொன்னால் மகிழ்வேன்.
– வாசகர், தக்கலை

பதில்: ஐயா, எடுத்தார்கள். ஆனால் அதைப் பாதுகாக்கும் நோக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை.

அன்றைய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் நேரடி ஒளிபரப்பு. அரங்கில் வாசிக்கும் அதே நொடியில் வீட்டுப் பெட்டியில் படம் தெரியும். பிறகு ஒன்றும் மிஞ்சாது. நியூயார்க்கிலிருந்து சிகாகோ வரை கம்பிவழித் தொடர்பு 1949 ஜனவரியில்தான் ஏற்பட்டது. மேற்குக் கரை வரை இணைப்பு 1951 செப்டம்பரில்தான் எட்டியது. அதுவரை தொலைவில் இருந்த நிலையங்களுக்கு நிகழ்ச்சியை அனுப்ப ஒரு வழி தேவைப்பட்டது. தொலைக்காட்சித் திரையின் முன் ஒரு திரைப்படக் கேமராவை நிறுத்தி, ஓடும் படத்தை அப்படியே சுருளில் எடுத்தார்கள். இதற்கு கினெஸ்கோப் என்று பெயர். 1947-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் இதற்கான கேமராவை உருவாக்கியது.

தங்களுக்குச் சுவைக்கும் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி நொடிக்கு 30 படங்களைக் காட்டியது. திரைப்படச் சுருள் நொடிக்கு 24 படங்களையே ஏற்கும். இரண்டையும் அப்படியே பொருத்தினால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எனவே ஐந்து தொலைக்காட்சிப் படங்களின் நேரத்துக்குள் நான்கு சுருள் படங்கள் பதியும்படி ஷட்டரை இம்மி பிசகாமல் இயக்க வேண்டியிருந்தது. அப்படியும் படம் மங்கலாகத்தான் வந்தது. ஒளி மிகுந்த இடங்கள் வெளுத்தன, நிழல்கள் கரியாயின.

அஞ்சலில் போன சுருள் ஒளிபரப்பானதும் அதன் வேலை முடிந்தது. வைக்க இடம் வேண்டும், வாடகை வேண்டும். மறு ஒளிபரப்பு என்ற எண்ணமே பரவாத காலம். சுருளில் பூசியிருந்த வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பல அழிக்கப்பட்டன. 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனத்தின் வீடியோ நாடா வந்தபோதும் நிலைமை திருந்தவில்லை. நாடாவின் விலை மிக அதிகம்; அதை அழித்து மறுபடி எழுத முடியும் என்பதே அதன் பெருமையாகப் பேசப்பட்டது. வகுப்பில் கரும்பலகையைத் துடைத்துவிட்டு அடுத்த கணக்கை எழுதுவதைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக எழுதினார்கள்.

ஹேசல் ஸ்காட்டை ஒளிபரப்பிய டூமான்ட் வலையமைப்பு 1956-இல் மூடப்பட்டது. எஞ்சிய அதன் சுருள்கள் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தன. அந்த நிறுவனத்தில் பணியாற்றிய நகைச்சுவைக் கலைஞர் எர்னி கோவாக்ஸின் மனைவியும் பாடகியுமான ஈடி ஆடம்ஸ், 1996-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் நடத்திய விசாரணையில் அளித்த சாட்சியத்தைப் படித்தபோது எனக்கு மனம் ஆறவில்லை. 1970-களில் அந்தச் சுருள்களை மூன்று லாரிகளில் ஏற்றி, இரவில் படகுக்கு மாற்றி, நியூயார்க் விரிகுடாவில் கொட்டிவிட்டார்கள் என்று அவர் கூறினார். பத்தாண்டுக் காலம் ஒரு நாட்டின் வீடுகளில் ஒலித்த பாட்டும் சிரிப்பும் அந்தப் பெட்டிகளில் இருந்தன.

கேள்வி: அரசியல் சர்ச்சையில் சிக்காத கறுப்பினக் கலைஞர்களின் இசை நிகழ்ச்சிகளாவது அந்நாளில் நிலைத்தனவா?
– கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்

பதில்: கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலின் நிகழ்ச்சியே இதற்குப் போதுமான விடை. 1956 நவம்பர் 5 அன்று என்.பி.சி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி வலையமைப்பில் பதினைந்து நிமிட நிகழ்ச்சியாகத் தொடங்கி, மறு ஆண்டு அரை மணி நேரமாக வளர்ந்து, 1957 டிசம்பர் 17 அன்று முடிந்தது. நாடே விரும்பிய குரல் அவருடையது. எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்கவில்லை. ஆயினும் நாடு முழுவதற்குமாக விளம்பரம் தர ஒரு நிறுவனமும் முன்வரவில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் தங்கள் பொருளை வாங்க மாட்டார்களோ என்ற அச்சம். ஊருக்கு ஊர் கிடைத்த சிறு விளம்பரங்களை வைத்துக்கொண்டு, மீதிச் செலவை நிலையம் சுமந்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, பெகி லீ போன்றோர் கலைஞர் சங்கம் விதித்த குறைந்தபட்ச ஊதியத்துக்கே வந்து பாடிக்கொடுத்தனர். இறுதியில் கோல் தாமே போதும் என்று நிறுத்திக்கொண்டார். விளம்பர உலகம் இருட்டைக் கண்டு அஞ்சுகிறது என்று அவர் சொன்னது இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகிறது. இவருடைய நிகழ்ச்சிகளில் பல கினெஸ்கோப்பில் பிழைத்துவிட்டன. தாங்கள் தேடினால் பார்க்கலாம்; அவசியம் பாருங்கள்.

கேள்வி: 1980-களில் என் மூத்த அண்ணன் வளைகுடாவிலிருந்து ஒரு வி.சி.ஆர். கொண்டுவந்தார். அன்று எங்கள் வீட்டில் இலங்கைத் தொலைக்காட்சியான ரூபவாகினிதான் தெளிவாக வரும். அதில் வந்த அரை மணி நேரத் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றை அவர் கேசட்டில் பிடித்து வைத்திருந்தார். அண்ணன் இப்போது இல்லை. அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தக் கேசட் கிடைத்தது. வி.சி.ஆர். பழுதாகிவிட்டது. இதை வைத்திருப்பதில் பயன் உண்டா?
– வாசகி, குளச்சல்

பதில்: உண்டு, சகோதரி. தயவுசெய்து எறிந்துவிடாதீர்கள்.

தங்கள் கடிதம் என்னையும் பழைய நாட்களுக்கு அழைத்துச் சென்றது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இலேயே தொடங்கிவிட்டாலும் அதன் அலைகள் நம் மாவட்டத்தை எட்டவில்லை. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாகினி தொடங்கியபோது, அந்நாட்டின் மிக உயர்ந்த மலையான பிதுருதாலகாலையின் உச்சியிலிருந்து கிளம்பிய அலைகள் கடலைத் தாண்டி நம் கரைக்கு வந்தன. 1985-இல் திருவனந்தபுரம் நிலையம் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. ஒருவர் மட்டுப்பாவில் நின்று ஆன்டெனாவைத் திருப்ப, கீழே ஜன்னலில் நிற்பவர் “வருது, வருது, போயிட்டு” என்று கூவிய மாலைகள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வெயில் காலத்தில், கடல் அமைதியாக இருக்கும் இரவுகளில், படம் கூடுதல் தெளிவாக வரும்; கடலின் மேல் படியும் காற்றடுக்குகள் அலைகளை வளைத்துக் கொண்டுவந்து சேர்ப்பதே காரணம்.

அந்த அரை மணி நேரம் நிலையத்தின் காப்பகத்திலேயே இல்லாமல் போயிருக்கவும் கூடும். இங்கிலாந்தில் பி.பி.சி. அழித்துவிட்ட நாடகங்கள் சிலவற்றின் ஒலி இன்று முழுமையாகக் கிடைப்பதற்குக் காரணம், தொலைக்காட்சியின் முன் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவுசெய்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

முதலில் கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியாக நாடாவைப் பாருங்கள். விளிம்புகளில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது பூஞ்சை. கடற்கரை ஈரத்தில் இது சாதாரணம். அந்த நிலையில் எந்தக் கருவியிலும் போட்டுப் பார்க்கக் கூடாது. பூஞ்சை, கருவியில் நாடாவைப் படிக்கும் தலை என்ற பகுதியில் ஒட்டி நாடாவையும் அறுத்துவிடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும். அடுத்து, கேசட்டின் முதுகுப் பக்கத்து ஓரத்தில் சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அது உடையாமல் இருந்தால் மெல்ல நெம்பி உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகக்கூட யாரும் அதன்மேல் பதிவுசெய்ய முடியாது. படுக்க வைக்காமல், புத்தகத்தைப் போல நிறுத்தி, ஒலிபெருக்கிக்கு அருகில் இல்லாமல், ஈரம் எட்டாத பெட்டியில் வையுங்கள்.

கணினிக்கு மாற்றுவதைத் தள்ளிப்போட வேண்டாம். வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமும் 2016-இல் அதை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையில் உள்ள கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. திருமண வீடியோ எடுக்கும் பழைய ஸ்டூடியோக்களில் சிலர் இன்னும் இந்த வேலையைச் செய்கிறார்கள். கேசட்டைக் கொடுத்துவிட்டு வராமல், முடிந்தால் கூடவே இருந்து மாற்றி வாங்குங்கள். படியை இரண்டு இடங்களில் வையுங்கள். அதன் பிறகும் மூலக் கேசட்டை வீசிவிட வேண்டாம். இன்னும் நல்ல கருவி கிடைத்தால் மறுபடி எடுக்க அதுதான் வேண்டும். உறையின் மேல் அண்ணன் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் படம் எடுத்துச் சேர்த்து வையுங்கள். பாடியவர்களின் பெயர்கள் அந்தப் பதிவில் வருகின்றனவா என்று பார்த்து எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.